சேம அச்சு முதல் ஸ்டெப்னி வரை

மதுரை தெற்குவாசலில் இருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் சாலை வில்லாபுரத்தைக் கடந்து அவனியாபுரத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து பெருங்குடி, வலையங்குளம், காரியாபட்டி என்று தெற்கே நீண்டு, கரிசல் காட்டின் ஊடாகத் தூத்துக்குடிக் கடற்கரையைத் தொடுகிறது. தை முதல் நாள் ஜல்லிக்கட்டால் நாடறிந்த ஊர் அவனியாபுரம். 2011-ல் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது. ஆண்டின் மற்ற நாட்களில் அதன் முக்கியத்துவம் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. எட்டயபுரத்துக்கோ திருச்செந்தூருக்கோ கிளம்பும் நண்பர் கூட்டம் மதுரையை விட்டு வெளியேறும் வாசல்களில் அதுவும் ஒன்று.

அப்படிக் கிளம்பிய கார் எலியார்பத்தி சுங்கச்சாவடிக்கு முன்னால் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டால் என்ன நடக்கும்? முதலில் பாட்டு நிற்கும். ஒருவன் இறங்கி பானட்டைத் திறப்பான். மற்றவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்ப்பார்கள். பின்னால் இருந்து, “மாப்ள, இறங்கித் தள்ளுங்கடா” என்று ஒரு குரல் வரும். தள்ளியும் கிளம்பவில்லை என்றால் எதிர்ச் சாரி டீக்கடையில் விசாரணை. “ரெண்டு கிலோமீட்டர்ல ஒரு பட்டறை இருக்கு தம்பி, ஞாயித்துக்கிழமையும் திறந்திருப்பாங்க” என்று கடைக்காரர் கை காட்டுவார். அரை மணி நேரத்தில் டிவிஎஸ் 50-ல் ஸ்பேனர் பையோடு ஒருவர் வந்து சேருவார்.

அவரும், அவர் பையில் இருக்கும் கருவிகளும், அவருக்குத் தெரிந்த வித்தையும் திடீரென்று முளைத்தவை அல்ல. வண்டி என்றால் வழியில் நிற்கும் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு முன்னேற்பாடு செய்து பழகிய ஊர் மதுரை. தென்னிந்திய மோட்டார் தொழிலின் பெரும்பகுதி இந்த முன்னேற்பாட்டில் இருந்துதான் பிறந்தது.

உமணர் கட்டிய உபரி அச்சு

உப்பு வணிகர்களான உமணர்கள் கடற்கரையில் இருந்து உள்நாட்டுக்கு வண்டி வண்டியாக உப்பு ஏற்றிப் போனதைச் சங்க இலக்கியம் பல இடங்களில் சொல்கிறது. புறநானூற்றின் 102-ஆம் பாட்டு அந்த வண்டிகளின் அடிப்பக்கத்தையே காட்டிவிடுகிறது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், அவனை உமணர் வண்டியின் ‘சேம அச்சு’க்கு ஒப்பிடுகிறார். காளைகள் இளையவை, நுகம் பழகாதவை. பாரமோ அதிகம். பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டே உமணர்கள் புறப்படுகிறார்கள். நாட்டுக்கு அரசன் இருக்க, ஆபத்துக் காலத்தில் தாங்குவதற்கு மகனும் இருக்கிறான் என்பது புலவரின் கருத்து. ஒரு பயன்பாட்டுப் பொருள் அரசகுமாரனுக்கு உவமையாகிறது என்றால், அதைப் பாடியவரும் கேட்டவர்களும் அதை அன்றாடம் கண்டிருக்க வேண்டும்.

மாட்டு வண்டியில் பழுதாகக்கூடிய இடங்கள் பல. குடத்தில் இருந்து ஆரக்கால் தளரும். கோடையில் மரம் சுருங்கி, சக்கரத்தைச் சுற்றிய இரும்புப் பட்டா கழலும். கடையாணி விழுந்தால் சக்கரமே தனியாக உருண்டுவிடும். விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்துச் செய்த வண்டி மை தீர்ந்துவிட்டால் அச்சு கிறீச்சிட ஆரம்பிக்கும். தச்சரும் கொல்லரும் இருக்கும் ஊர் எத்தனை கல் தொலைவில் இருக்கிறது என்பதை வண்டிக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் வந்தவர்களின் பயணமும் இதே கணக்கில்தான் நடந்தது.

மண்ணும் தன் பங்குக்கு வண்டியை நிறுத்தியது. அவனியாபுரத்துக்குத் தெற்கே போகப் போக நிலத்தின் நிறம் மாறும். காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கரிசல் வெயிலில் வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் களியாகிச் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும். அப்போது இரண்டு காளைகள் இழுக்க வேண்டிய வண்டிக்கு நாலு காளைகள் தேவைப்படும்.

பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சியை நடத்திய ராணி மங்கம்மாள் மக்கள் நினைவில் நிற்பது சாலைகளால்தான். மதுரையில் இருந்து கன்னியாகுமரித் திசையில் சாலை, அதன் இருமருங்கிலும் மரங்கள், கிணறுகள், சத்திரங்கள் என்று அவர் அமைத்தார். தென்மாவட்டங்களில் மங்கம்மாள் சாலை என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் நிற்கிறது. ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல்களும், தலைச்சுமைக்காரர் பாரத்தை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்களும் இருந்தன. வழியில் தடைபடும் பயணத்தைத் தாங்கிக்கொள்வது சாலையின் வேலைகளில் ஒன்றாக அன்று கருதப்பட்டது.

முதல் கார்ப் பயணமும் முதல் பழுதும்

மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணமே பழுதுகளின் பயணமாகத்தான் அமைந்தது. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் இருந்து பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், தம் இரு மகன்களோடு அவர் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு 100 கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ள போர்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உரசியது, காலுறைப் பட்டியைச் சுற்றி மறைத்தார். பிரேக் தேய்ந்தது; செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி ஒட்டினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரின் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். மேடு வந்தபோது மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். எஞ்சின் சூட்டைத் தணிக்க வழியெங்கும் தண்ணீர் தேடினார்கள்.

சென்னையில் 1903-ல் சிம்ப்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். 1905-ல் கார் வைத்திருந்தவர்கள் சேர்ந்து தென்னிந்திய மோட்டார் யூனியனைத் தொடங்கினர். பிற்காலத்தில் அதுவே தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கமானது. ஆனால், கார் என்பது வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் ஜமீன்தார்களுக்கும் உரிய பொருளாக இருந்தவரை அதன் பழுதும் அவர்கள் வீட்டு விஷயமாகவே இருந்தது. டிக்கெட் வாங்கிய இருபது பேர் சாலையில் இறங்கி நிற்க நேர்ந்தபோதுதான் பழுது பொதுப் பிரச்சினையானது. அந்த இடத்தில் மதுரை வரலாற்றுக்குள் நுழைகிறது.

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். வக்கீல் தொழில், ரயில்வே, வங்கி என்று பலதும் பார்த்துவிட்டு, 1910-களின் தொடக்கத்தில் பஸ் தொழிலில் இறங்கினார். மதுரையில் வேரூன்றிய அவருடைய டி.வி.எஸ். நிறுவனம் 1911-ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. மேல வெளி வீதியில் அதன் தலைமையகம் அமைந்தது. பின்னாளில் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் அவர்களின் பஸ்கள் தென்மாவட்டங்கள் முழுவதும் ஓடின. அதே காலகட்டத்தில், 1920-ல், கோவைப் பக்கம் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழிலைத் தொடங்கினார்.

டி.வி.எஸ். பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரி செய்துகொள்ளலாம் என்று தென்மாவட்டத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அந்த நேரந்தவறாமைக்குப் பின்னால் ஒரு முக்கியமான எதிரி வெல்லப்பட்டிருந்தது. அந்த எதிரி லாட ஆணி.

மாட்டின் குளம்பு பிளந்தது. அதனால் ஒரு காலுக்கு இரண்டு லாடம், நாலு காலுக்கும் அடித்தால் ஒரு மாட்டுக்கு எட்டு. லாடம் அடிப்பவர் கயிற்றை மாட்டின் கால்களில் சுற்றி ஓர் இழுப்பில் சாய்ப்பார். படுத்த மாட்டின் கால்களைச் சேர்த்துக் கட்டி, குளம்பைச் சீவி, இரும்புத் தகட்டை வைத்துச் சிறு ஆணிகளை இறக்குவார். சில வார ஓட்டத்தில் தகடு தேயும், ஆணி தளர்ந்து சாலையில் உதிரும். அன்றைய கப்பி ரோட்டில் ஆயிரக்கணக்கான மாடுகள் நடந்தன. அவை உதிர்த்த ஆணிகள் அதே ரோட்டில் ஓடிய பஸ்ஸின் காற்றடைத்த டயருக்குக் கண்ணிவெடியாகக் காத்திருந்தன. டி.வி.எஸ். நிறுவனம் காந்தம் பொருத்திய வண்டியைத் தன் தடங்களில் ஓடவிட்டு அந்த ஆணிகளைப் பொறுக்கியெடுத்ததாகச் சொல்வார்கள். பஞ்சரான பிறகு ஒட்டுவதைவிடப் பஞ்சராகாமல் தடுப்பது மலிவு என்ற கணக்கு அதில் இருக்கிறது. பராமரிப்பு என்பதை ஒரு தொழிலாக மதுரை கற்றுக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைக்காது.

கரி பஸ்

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பெட்ரோல் ராணுவத்துக்குப் போனது. பொதுமக்களுக்கு ரேஷன். பஸ்கள் நின்றுபோகும் நிலையில், டி.வி.எஸ். நிறுவனம் கரிவாயுக் கலனைத் தானே வடிவமைத்துத் தயாரித்தது. பஸ்ஸின் பின்புறம் ஆளுயர உருளை ஒன்று ஏறியது. அதில் அடுப்புக்கரியைக் கொட்டி, போதுமான காற்றுக் கொடுக்காமல் கனலவிட்டால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதை வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்புவார்கள். கிளம்புவதற்கு முன் கிளீனர் கைப்பிடியைப் பிடித்துக் காற்றாடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்; கரி நன்றாகக் கனன்று வாயு சீராக வந்த பிறகே எஞ்சின் உயிர் பெறும்.

பெட்ரோலின் இழுவை கரிவாயுவுக்குக் கிடையாது. மேட்டில் பஸ் திணறும். ஆண்கள் இறங்கி நடப்பார்கள், தேவைப்பட்டால் தள்ளவும் செய்வார்கள். சாம்பலை அள்ளவும் வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யவும் அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது. தடைபடுவதே பயணத்தின் இயல்பாக இருந்த காலம் அது. இருந்தும் பஸ்கள் ஓடின; சந்தைக்கும் கோர்ட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மக்கள் போய் வந்தார்கள்.

டயருக்கும் அதே தட்டுப்பாடு. உலகின் ரப்பர் களஞ்சியமாக இருந்த மலாயா 1942-ல் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. தேய்ந்த டயரின் மேல் புதிய ரப்பரை ஏற்றி மறுபடி ஓடவிடும் ரீட்ரெடிங் தொழிலிலும் சுந்தரம் ஐயங்கார் இறங்கினார். பழையதைத் தூக்கிப் போடாமல் இன்னும் கொஞ்ச தூரம் ஓடவைக்கும் அந்தப் பழக்கம் மதுரைப் பட்டறைகளின் குணமாகவே ஆகிவிட்டது.

கொதிக்கும் ரேடியேட்டர்

சமவெளியின் நிரந்தரப் பிரச்சினை வெயில். கோடைக்காலத்தில் வானிலை மையம் வெளியிடும் பட்டியலில் மதுரை விமான நிலையம் அடிக்கடி முன்வரிசையில் வரும். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது அங்கே சாதாரணம். அந்த விமான நிலையம் அவனியாபுரத்துக்கு அடுத்த பெருங்குடியில்தான் இருக்கிறது. அந்த வெயிலில், நாலு பேர் உட்கார வேண்டிய காரில் எட்டுப் பேர் ஏறி, டிக்கியில் பாத்திர பண்டங்களோடு கொடைக்கானலுக்கோ குற்றாலத்துக்கோ கிளம்பினால் ரேடியேட்டர் கொதிக்காமல் என்ன செய்யும்?

சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி இறுக்கமாக மூடி உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தக்கவைத்தால், கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயரும். அந்த மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் வெடித்தாலோ அழுத்தம் நிற்காது, ஆவி கிளம்பிவிடும். அனுபவப்பட்ட டிரைவர் உடனே மூடியில் கை வைக்க மாட்டார். ஓரங்கட்டி, பானட்டைத் திறந்துவிட்டு, டீ குடிக்கப் போவார். சூடு இறங்கிய பிறகு ஈரத் துணியை மூடியின் மேல் போட்டு, கால் திருப்புத் திருப்பி ஆவியை வெளியேற விடுவார். புஸ்ஸென்ற சத்தம் அடங்கிய பிறகே முழுவதும் திறப்பார். அவசரப்பட்டுத் திறந்து முகம் வெந்தவர்களின் கதை ஒவ்வொரு டாக்சி ஸ்டாண்டிலும் உண்டு.

பெட்ரோல் குழாயிலும் வெயில் விளையாடும். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை இழுக்கத் தொடங்கினால் வண்டி நின்றுவிடும். பம்ப்பின் மேல் நனைத்த துணியைச் சுற்றுவது இதற்கான கைவைத்தியம். ஃபேன் பெல்ட் அறுந்தால் கிடைத்த கயிற்றைத் திரித்துக் கட்டி அடுத்த ஊர் வரை ஓட்டிப் போனவர்களும் உண்டு. பிளாட்டினம் பாயின்ட்டில் கரி பிடித்தால் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்துவிடுவார்கள். பேட்டரி இறங்கிப் போனால் சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு தள்ளச் சொல்ல வேண்டும். வேகம் பிடித்ததும் கிளட்சை விட்டால், சக்கரம் எஞ்சினைச் சுழற்றி உயிர் கொடுத்துவிடும்.

இந்த வைத்தியங்களுக்கெல்லாம் இடம் கொடுத்த கார் அம்பாசடர். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1958-ல் வெளியிட்டு 2014 வரை தயாரித்தது. பானட்டைத் திறந்தால் கை விட்டு வேலை பார்க்கத் தாராளமாக இடம் இருந்தது. பிரீமியர் பத்மினியும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் சாலையில் ஓடினாலும், மதுரையின் வாடகைக் கார் என்றால் அம்பாசடர்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவர் பாதி மெக்கானிக்காகவும் இருந்தார். டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட், இரண்டு பிளக், ஒரு கண்டென்சர், ஒரு குடம் தண்ணீர் இல்லாமல் அவர் வெளியூர் கிளம்பியதில்லை.

சுதந்திரத்துக்குப் பின் இந்தியா இறக்குமதியைக் குறைத்தபோது, உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே செய்ய வேண்டிய கட்டாயம் வந்தது. வண்டி எங்கே பழுதாகிறது என்பதைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வந்த டி.வி.எஸ். குடும்பத்துக்கு எதைச் செய்ய வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது, ஸ்டார்ட்டர், டைனமோ போன்ற மின்பாகங்களைத் தயாரித்தது. 1962-ல் பிரேக்ஸ் இந்தியா. 1960-களிலேயே சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் போல்ட்டுகளைத் தயாரிக்க ஆரம்பித்தது. அந்த நிறுவனம் 1990-களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸிடம் இருந்து ரேடியேட்டர் மூடி செய்யும் இயந்திர வரிசையையே விலைக்கு வாங்கி, அதே ஜெனரல் மோட்டார்ஸுக்கு மூடிகளை ஏற்றுமதி செய்தது. ஒரு காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றுக் கொடுத்த குடும்பம் அது. கொதிக்கும் சமவெளியில் மூடியின் அருமையை அறிந்தவர்கள் அந்த மூடியிலேயே உலகச் சந்தையைப் பிடித்தது பொருத்தமான வெற்றி.

பட்டறைகளில் வளர்ந்த படிப்பு

1972-ல் தமிழக அரசு பெரிய தனியார் பஸ் நிறுவனங்களை எடுத்துக்கொண்டது. சதர்ன் ரோடுவேஸின் தடங்களில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் ஓடத் தொடங்கியது. இன்று அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் மதுரைக் கோட்டம். பெரிய பணிமனைகளில் பழகிய கைகள் காலப்போக்கில் வெளியே வந்து சாலையோரங்களில் பட்டறை போட்டன. ஒருவர் எஞ்சின் வேலை, ஒருவர் வயரிங், ஒருவர் டிங்கர், ஒருவர் லேத் என்று வேலை பிரிந்தது. ஊருக்கு வெளியே செல்லும் ஒவ்வொரு சாலையிலும் இந்த நால்வகைப் பட்டறைகள் வரிசையாக உட்கார்ந்தன.

பத்துப் பன்னிரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன் முதலில் மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவான். பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். ‘பத்து பதினொண்ணு’ என்று மேஸ்திரி கை நீட்டும்போது திரும்பிப் பார்க்காமல் சரியான ஸ்பேனர் கைக்கு வர வேண்டும். எஞ்சின் சத்தத்தை வைத்து வால்வு டேப்பட் இடைவெளியைச் சொல்லவும், பிளக்கின் நிறத்தை வைத்துக் கார்புரேட்டர் எப்படி இருக்கிறது என்று சொல்லவும் அவன் கற்றுக்கொள்வதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிடும். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் பட்டறைக்கு வந்த சிறுவர்களின் இழப்பை மறைத்து இந்தத் தொழிலின் பெருமையைப் பேசக் கூடாது. அடியும் அரைச் சம்பளமும் அந்தப் படிப்பின் கட்டணமாக இருந்தன. ஆனாலும் அவர்கள் பெற்ற அறிவு மெய்யானது. எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறாதது.

பஞ்சர் கடை இதன் மிகச் சிறிய கிளை. மரத்தில் தொங்கும் பழைய டயர்தான் விளம்பரப் பலகை. தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தை விரலால் பொத்தி, குறி வைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுவார்கள். ஓட்டை பெரிதாக இருந்தால் சூடேற்றி அழுத்தும் வல்கனைசிங். அந்த நேரம் வரை வண்டியைத் தாங்கி நிற்பது ஸ்டெப்னி. 1904-ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் லனெத்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவீஸ் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த மாற்றுச் சக்கரத்தில் இருந்து வந்தது அந்தப் பெயர். அதற்கு முன் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. உமணர்கள் வண்டிக்கடியில் கட்டிய முன்னெச்சரிக்கையை மோட்டார் உலகம் அப்போதுதான் கற்றது.

நாலு வழியும் நவீனக் காரும்

1988-ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்தது. அதற்கு முன் மதுரையில் இருந்து காரில் ராமேசுவரம் போனவர்கள் மண்டபத்தோடு சாலையை விட்டுவிட்டு ரயிலை நம்ப வேண்டியிருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் தேசிய நெடுஞ்சாலைகள் நாலு வழியாக விரிந்தன. மதுரையைச் சுற்றிச் சுற்றுச்சாலை வந்தது. ஊருக்குள் நுழையாமலே வண்டிகள் கடந்து போயின. பழைய சாலையோரப் பட்டறைகளுக்கு இது பலத்த அடி.

காரும் மாறியது. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபோது கார்புரேட்டர் போய் எரிபொருளைக் கணினி அளந்து செலுத்தும் முறை பரவியது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் அமலாயின. இப்போது வண்டி நின்றால் காதால் கேட்டுப் பயனில்லை. ஸ்கேனரைச் செருகிப் பிழைக் குறியீட்டைப் படிக்க வேண்டும். நண்பர்கள் இறங்கித் தள்ளினாலும் தானியங்கி கியர் வண்டி கிளம்பாது. கைபேசியில் அழைத்துவிட்டு, வண்டியைத் தூக்கிப் போக லாரி வரும்வரை காத்திருப்பதே வழி.

2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதித் திருத்தம் இந்த மாற்றத்தின் உச்சம். டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும், பஞ்சர் ஒட்டும் சாதனமும் இருந்தால் சிறிய பயணிகள் கார்களுக்கு மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. எடை குறையும், டிக்கியில் இடம் கூடும், மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பவை நியாயமான காரணங்கள். ஆனால், டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் எந்தப் பசையும் உதவாது. இரவு நேரத்தில் கரிசல் காட்டு நடுவே அப்படி நிற்பவர்களுக்கு ஸ்டெப்னியின் அருமை புரியும். வெளியூர்ப் பயணத்துக்குக் கார் வாங்குபவர்கள் டிக்கியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பழுதின் ஆபத்தும் கூடியிருக்கிறது. கப்பி ரோட்டில் நின்ற வண்டி தாமதத்தை மட்டுமே தந்தது. நாலு வழிச் சாலையில் நின்ற வண்டி உயிரைப் பறிக்கிறது. பின்னால் வேகமாக வரும் லாரிக்கு அது கடைசி நொடியில்தான் தெரிகிறது. தார்ச்சாலையை விட்டு முடிந்தவரை இடதுபுறம் ஒதுக்குவது, அபாய விளக்குகளைப் போடுவது, 50 மீட்டராவது பின்னால் சிவப்பு முக்கோணத்தை வைப்பது, எல்லோரும் வண்டியை விட்டு இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்பது ஆகிய நாலும் இன்றைய சேம அச்சு. தேசிய நெடுஞ்சாலைகளில் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி வரும். விபத்தில் சிக்கியவர்களுக்குக் கை கொடுப்பவர்களைப் போலீஸோ மருத்துவமனையோ அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் வழிகாட்டுதல்களை உறுதிசெய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. உதவ நினைப்பவர் தயங்க வேண்டியதில்லை.

பதிவாக வேண்டிய கைகள்

மதுரையின் மோட்டார் வரலாறு இதுவரை பெரும்பாலும் நிறுவன வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. நிறுவனர் யார், எந்த ஆண்டில் எந்த ஆலை என்பதெல்லாம் கிடைக்கின்றன. நடுச்சாலையில் கரிவாயுக் கலனைச் சுத்தம் செய்த கிளீனரின் பெயரும், லாடம் அடித்தவரின் கணக்கும், அம்பாசடரின் எஞ்சினைக் காதால் படித்த மேஸ்திரியின் அறிவும் ஏட்டில் ஏறவில்லை. அந்த நிறுவனங்களைத் தாங்கிப் பிடித்த கைகள் அவைதாம்.

கோவையில் ஜி.டி. நாயுடுவின் பெயரால் கார் அருங்காட்சியகம் இயங்குகிறது. தென்மாவட்டங்களுக்கே பஸ்ஸைக் கொண்டுவந்த மதுரைக்கும் அப்படியோர் இடம் வேண்டும். பளபளக்கும் பழைய கார்களை வரிசையாக நிறுத்துவதோடு அது முடிந்துவிடக் கூடாது. இரும்புப் பட்டா போட்ட வண்டிச் சக்கரம், லாடம் அடிக்கும் கருவிகள், கரிவாயுக் கலன், சுற்று ஸ்டார்ட்டருக்கான கைப்பிடி, வல்கனைசிங் அடுப்பு ஆகியவை அங்கே இருக்க வேண்டும். அவற்றைக் கையாண்டவர்களின் குரலும் இருக்க வேண்டும். தியாகராசர் பொறியியல் கல்லூரியும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் மனம் வைத்தால், மாணவர்களை ஒலிப்பதிவுக் கருவியோடு பட்டறைகளுக்கு அனுப்பி இந்த வேலையை உடனே தொடங்கலாம். செலவு பெரிதாக ஆகாது, பொறுமைதான் வேண்டும். பஸ்கள் அரசுடைமையான 1972-ல் இருபது வயதில் ஸ்பேனர் பிடித்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள்.